அடுப்பே பற்றவைக்காத சாப்பாடு... முதல்முறை முயற்சி செய்பவர்களுக்கு காந்தியின் டயட் தரும் பாடம்!

'இன்னையிலிருந்து நோ குக்கிங்!' - ரீல்ஸைத் திறந்தால் யாராவது ஒருவர் இப்படிச் சொல்லிக்கொண்டு தர்பூசணியை வெட்டிக்கொண்டிருக்கிறார். இரண்டு வாரத்தில் ஐந்து கிலோ குறைந்தது, முகம் பளபளக்கிறது, தூக்கம் நன்றாக வருகிறது என்று அடுத்தடுத்து வீடியோக்கள். பார்த்துவிட்டு நம் வீட்டிலும் ஒருவர், திங்கட்கிழமை காலையில் இட்லித் தட்டை ஒதுக்கிவைத்துவிட்டு வெள்ளரிக்காயோடு உட்காருவார். 'இது என்ன பத்தியமா, பட்டினியா?' என்று அம்மா கேட்பார். புதன்கிழமை தலைவலி, வெள்ளிக்கிழமை பிரியாணி. பெரும்பாலான வீடுகளில் கதை இங்கேயே முடிந்துவிடும்.

'ரா வீகன்' என்று இன்று சொல்லப்படும் இந்த உணவுமுறைக்கு இரண்டு நிபந்தனைகள். ஒன்று, விலங்குகளிடமிருந்து வரும் எதுவும் கூடாது. இறைச்சி, முட்டை மட்டுமல்ல... பால், தயிர், நெய், தேனும் கிடையாது. இரண்டாவது, அடுப்பில் சமைத்தது கூடாது. சுமார் 42 முதல் 48 டிகிரி செல்சியஸுக்கு மேல் சூடாகாத உணவு மட்டுமே இதில் 'பச்சை' என்று கணக்கு. அந்த வகையில் அக்னி நட்சத்திர வெயிலில் மொட்டை மாடியில் காயும் மாங்காய் வற்றலுக்கு அனுமதி உண்டு!

'வீகன்' என்ற வார்த்தை இங்கிலாந்தில் 1944-ல்தான் பிறந்தது. டொனால்டு வாட்சனும் அவருடைய நண்பர்களும் உருவாக்கிய சொல் அது. ஆனால், அந்தச் சொல் பிறப்பதற்கு 15 வருடங்களுக்கு முன்பே, இந்தியாவின் மிகப் பிரபலமான மனிதர் ஒருவர் ஏறத்தாழ இதே உணவுமுறைக்கு மாறி, அளவு உட்பட எல்லாவற்றையும் பத்திரிகையில் எழுதினார். அவர்... மகாத்மா காந்தி.

23 வயதில் முதல் முயற்சி

உண்மையில் காந்தி இதை இரண்டு முறை முயன்றார். முதல்முறை 1893 ஆகஸ்ட்டில், தென்னாப்பிரிக்காவின் பிரிட்டோரியாவில். அப்போது அவருக்கு வயது 23. இங்கிலாந்து சைவ உணவாளர்கள் 'வைட்டல் ஃபுட்' என்று அழைத்த சமைக்காத உணவைச் சாப்பிட்டுப் பார்ப்பது என்று முடிவுசெய்தார். பச்சைக் கோதுமை, பட்டாணி, உலர் திராட்சை, கொட்டைகள், பழங்கள் என்று ஆரம்பித்து, தினமும் உடல் எப்படி இருக்கிறது என்று டைரியில் குறித்துவந்தார். அந்தக் குறிப்புகள் 1894-ல் லண்டனின் 'தி வெஜிடேரியன்' இதழில் வெளிவந்தன.

பத்து நாட்கள் ஓடியதே பெரிய விஷயம். பசி, களைப்பு, உடல் சோர்வு என்றுதான் டைரி போகிறது. கடைசியில் பரிசோதனையைக் கைவிட்டுவிட்டு, சமைத்த உணவுக்குத் திரும்பினார். இன்று ரீல்ஸ் பார்த்து ஆரம்பிப்பவர்களின் முதல் வாரத்துக்கும் அந்த டைரிக்கும் பெரிய வித்தியாசமில்லை.

ஆந்திரப் பயணத்தில் கிடைத்த நம்பிக்கை

இரண்டாவது முயற்சிக்குக் காரணம் வேறு. அது பால்.

1912-ல் டால்ஸ்டாய் பண்ணையில் இருந்தபோதே பாலைத் தவிர்க்கும் முடிவை எடுத்தவர் காந்தி. ஆனால், 1918-ல் கடுமையான வயிற்றுப்போக்கு வந்து உடல் உருக்குலைந்தது. பால் குடிக்காமல் தேறுவது கடினம் என்று மருத்துவர் சொன்னார். 'நீங்கள் விரதம் எடுத்தபோது பசும்பாலையும் எருமைப்பாலையும்தானே நினைத்தீர்கள், ஆட்டுப்பால் குடிக்கலாமே' என்ற யோசனையைச் சொன்னவர் கஸ்தூர்பா. காந்தி ஒப்புக்கொண்டார். ஆனால், விரதத்தின் வார்த்தையைக் காப்பாற்றி உயிரை விட்டுவிட்டேன் என்ற உறுத்தல் அவருக்குக் கடைசிவரை இருந்தது. சுயசரிதையிலேயே அதை எழுதியிருக்கிறார்.

ஆக, பாலுக்கு இணையாகச் செடி கொடியிலிருந்து ஓர் உணவு கிடைக்காதா என்று தேடிக்கொண்டிருந்தவரை, 1929-ல் ஆந்திரச் சுற்றுப்பயணத்தின்போது ராஜமுந்திரியில் இயற்கை மருத்துவம் செய்துவந்த சுந்தரம் கோபாலராவ் சந்தித்தார். சமைக்காத உணவே போதும், பாலே வேண்டாம் என்பது அவருடைய வாதம். அந்த மே மாதமே காந்தி களத்தில் இறங்கிவிட்டார். அவருக்கு அப்போது வயது 59. கூடவே இருபதுக்கும் மேற்பட்டவர்கள் சேர்ந்துகொண்டார்கள்.

ஜூன் மாதம் 'யங் இந்தியா' இதழில் தன் ஒருநாள் உணவை அவர் இப்படிப் பட்டியல் போட்டார். முளைகட்டிய கோதுமை 8 தோலா, அரைத்த பாதாம் விழுது 8 தோலா, இடித்த பச்சைக் கீரை 8 தோலா, எலுமிச்சை 6, தேன் 2 அவுன்ஸ். ஒரு தோலா என்பது சுமார் 11.7 கிராம். அதாவது கோதுமையும் பாதாமும் கீரையும் தலா 93 கிராம். வாரத்தில் இரண்டு, மூன்று நாட்கள் கோதுமைக்குப் பதில் முளைகட்டிய கடலை. அன்றைக்குப் பாதாமுக்குப் பதில் தேங்காய்ப் பால். இதை இரண்டு பங்காக்கி, காலை 11 மணிக்கு ஒருமுறை, மாலை 6 மணிக்கு மேல் ஒருமுறை. நெருப்பைத் தொட்டது ஒன்றே ஒன்றுதான்... எலுமிச்சையும் தேனும் கலந்து குடிக்கும் வெந்நீர்!

முளைகட்டும் முறையையும் அவர் விடவில்லை. தானியத்தை 24 மணி நேரம் ஊறவைத்து, தண்ணீரை வடித்து, ஈரமான கதர்த் துணியில் இரவு முழுக்க விட்டால் காலையில் முளை வந்திருக்கும் என்று எழுதினார். கதர் இங்கேயும் விடவில்லை, கவனித்தீர்களா?

எங்கே சறுக்கியது?

இன்றைய உணவு அட்டவணையை வைத்துக்கொண்டு அந்தப் பட்டியலைக் கூட்டிப் பார்த்தால் விஷயம் புரிந்துவிடும். பாதாமிலிருந்து 540 கலோரி, கோதுமையிலிருந்து 320, தேனிலிருந்து 170, கீரையும் எலுமிச்சையும் சேர்ந்து ஐம்பது, அறுபது. மொத்தம் ஏறத்தாழ 1,100 கலோரி. உட்கார்ந்த வேலை பார்க்கும் 65 கிலோ ஆணுக்கே 2,110 கலோரி தேவை என்று ஐதராபாத்தில் உள்ள தேசிய ஊட்டச்சத்து நிறுவனம் சொல்கிறது. காந்தியின் எடை அதைவிடக் குறைவு என்பது உண்மைதான். ஆனால் அவர் ஊர் ஊராக அலைந்துகொண்டிருந்தவர்.

ஆகஸ்ட்டில் அவருக்குக் கடும் சீதபேதி. மூன்று மாதத்தோடு பரிசோதனையை நிறுத்திவிட்டு, மீண்டும் ஆட்டுப்பாலுக்கே திரும்பினார். அதையும் 'யங் இந்தியா'வில் எழுதினார். ஆரம்பித்ததை எழுதிய அதே இதழில், தோற்றதையும் எழுதிய நேர்மை நம்முடைய 'டே 1' வீடியோக்களில் பலவற்றுக்கு இல்லை. 'டே 90' வீடியோ எங்கே என்று தேடிப் பாருங்கள், தெரியும்.

நம்மூரிலும் உண்டு

இது காந்தியோடு முடிந்த கதை இல்லை. தென்காசி மாவட்டம் கடையம் பக்கத்தில், மேற்குத் தொடர்ச்சி மலை அடிவாரத்தில் இருக்கும் சிவசைலம், தமிழ்நாட்டில் இயற்கை உணவு என்றாலே பலருக்கு நினைவுக்கு வரும் ஊர். அங்கே மூ.இராமகிருஷ்ணன் தொடங்கிய நல்வாழ்வு ஆசிரமம், தேங்காயையும் பழங்களையும் முதன்மையாக வைத்த சமைக்காத உணவைப் பல ஆண்டுகளாகச் சொல்லிவந்தது. வெளிநாட்டு அவகாடோவும் சியா விதையும் இல்லாமலே இதைச் செய்யலாம் என்பதற்கு அதுவே போதும்.

யோசித்தால், நம் சமையலறையில் பாதி 'ரா' அயிட்டங்கள் ஏற்கெனவே இருக்கின்றன. ஸ்ரீராம நவமிக்குச் செய்யும் ஊறவைத்த பாசிப்பருப்புக் கோசுமல்லி, துருவிய தேங்காய், வெள்ளரிப் பிஞ்சு, நுங்கு, இளநீர், நெல்லிக்காய், ஊறவைத்த வேர்க்கடலை, எள்ளு, கொய்யா, வாழைப்பழம்... பட்டியல் நீளும். (அவலைச் சேர்க்க முடியாது. நெல்லை ஊறவைத்து வறுத்து இடித்ததுதான் அவல். வெல்லமும் காய்ச்சியதே. கடையில் 'ரா' என்று விற்கும் முந்திரியும், ஓட்டை உடைப்பதற்காகப் பெரும்பாலும் ஆவியில் வேகவைத்ததோ வறுத்ததோதான். இந்த அளவுக்குக் கறார் பார்த்தால் சாப்பிட ஒன்றும் மிஞ்சாது என்பது வேறு விஷயம்.)

சாலட் மட்டும் சாப்பிட்டால்?

புதிதாக ஆரம்பிப்பவர்கள் செய்யும் முதல் தவறு இதுதான். 100 கிராம் சோற்றில் சுமார் 130 கலோரி. 100 கிராம் வெள்ளரிக்காயில் 15. உட்கார்ந்த வேலை பார்க்கும் 55 கிலோ பெண்ணுக்கு ஒருநாளைக்கு 1,660 கலோரி தேவை. வெள்ளரிக்காயிலேயே அதை எடுப்பதென்றால் 11 கிலோ சாப்பிட வேண்டும்!

வயிறு நிறைந்திருக்கும், ஆனால் உடம்புக்கு எதுவும் போயிருக்காது. இரவு பத்து மணிக்கு பிஸ்கட் டப்பாவைத் தேடிக் கை போவது மன உறுதி இல்லாததால் அல்ல. 100 கிராம் தேங்காயில் சுமார் 350 கலோரி, வேர்க்கடலையில் 560-க்கு மேல். தேங்காய், கடலை, எள்ளு, வாழைப்பழம், பேரீச்சை ஆகியவை தட்டில் இல்லாவிட்டால் இந்த உணவுமுறையில் யாராலும் நிற்க முடியாது. வேர்க்கடலையில் பூஞ்சை பிடித்ததையும், சுருங்கிக் கறுத்ததையும் பார்த்து ஒதுக்கிவிடுவது அவசியம்.

இன்னொன்று, மெல்ல வேண்டும். காந்தி இடித்தும் அரைத்தும் சாப்பிட்டதற்குக் காரணம் பல். ஆபீஸ் லஞ்ச் பிரேக்கில் பதினைந்து நிமிடத்தில் முடிகிற சாப்பாடு இல்லை இது.

தலைவலி... 'நச்சு வெளியேறுது' என்பது நிஜமா?

இரண்டாம் நாள், மூன்றாம் நாள் தலை பிளக்கும். 'உடம்பிலிருந்து நச்சு வெளியேறுது, அதான்' என்று கமென்ட் பாக்ஸில் யாராவது தைரியம் சொல்வார்கள். நம்மூரில் பெரும்பாலும் அது ஃபில்டர் காபியை நிறுத்தியதால் வரும் தலைவலி. தினமும் காபி, டீ குடித்தவர்கள் திடீரென நிறுத்தினால், 12 முதல் 24 மணி நேரத்தில் தலைவலி ஆரம்பித்து, ஓரிரு நாளில் உச்சத்துக்குப் போய், ஒரு வாரம் வரைகூட இழுக்கும். ஒரேயடியாக நிறுத்தாமல், இரண்டு வாரத்தில் கொஞ்சம் கொஞ்சமாகக் குறைத்தால் இந்த அவஸ்தையே இல்லை.

வயிறு உப்புசம், வாயு தொல்லையும் வரும். நார்ச்சத்து திடீரென இரண்டு, மூன்று மடங்கானால் குடல் என்ன செய்யும்? ஒரு வேளையில் ஆரம்பிப்பதுதான் புத்திசாலித்தனம். காலை உணவை மட்டும் மாற்றி இரண்டு, மூன்று வாரம் பார்க்கலாம். வீட்டில் மற்றவர்களுக்கு இட்லி, உங்களுக்குக் கோசுமல்லியும் வாழைப்பழமும் தேங்காய்ப் பாலும் என்றால் பெரிய சண்டையும் வராது.

'பச்சை உணவில் இருக்கும் நொதிகள்தான் ஜீரணம் செய்யும், சமைத்தால் செத்துவிடும்' என்பது இன்னொரு பிரபல வாதம். அந்த நொதிகளில் பெரும்பாலானவை வயிற்று அமிலத்திலேயே சிதைந்துவிடும். ஜீரணத்துக்கான நொதிகளை உடம்பே சுரக்கிறது. சமைத்தால் வைட்டமின் சி குறைவது நிஜம். ஆனால், தக்காளியில் இருக்கும் லைக்கோபீன், சமைத்தால்தான் உடம்பில் நன்றாகச் சேரும்.

எதைப் பச்சையாகத் தொடவே கூடாது?

இந்தப் பகுதியை மட்டும் ஸ்கிரீன்ஷாட் எடுத்து வைத்துக்கொள்ளலாம்.

மரவள்ளிக்கிழங்கைப் பச்சையாகச் சாப்பிடக் கூடாது. அதில் சயனைடை உண்டாக்கும் வேதிப்பொருள் இருக்கிறது. ராஜ்மாவை ஊறவைத்து, முளைகட்டிகூடப் பச்சையாகச் சாப்பிடக் கூடாது. நாலைந்து விதைகளே கடும் வாந்தி, பேதியில் கொண்டுபோய்விடும். மொச்சையும் வேகவைத்தே ஆக வேண்டும். முளைகட்டிப் பச்சையாகச் சாப்பிட நமக்குப் பழக்கமானது பச்சைப்பயறுதான்.

அடுத்து, சுரைக்காய் ஜூஸ். 2010-ல் டெல்லியில் கசப்பான சுரைக்காய்ச் சாறு குடித்த ஒருவர் இறந்தார். அதன்பிறகு இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கவுன்சில் அமைத்த நிபுணர் குழு, கசக்கும் சுரைச்சாற்றைக் குடிக்கவே கூடாது என்று சொன்னது. சுரை, வெள்ளரி, புடலை, பீர்க்கு குடும்பத்துக் காய்களில் சிலசமயம் குக்கர்பிட்டசின் என்ற நச்சு அதிகமாகிவிடும். அதன் அடையாளம் கசப்பு. ஜூஸ் போடும் முன்பு ஒரு சின்னத் துண்டை நறுக்கி நாக்கில் வைத்துப் பார்த்து, கசந்தால் தூக்கிப் போட்டுவிட வேண்டும். 'மருந்துன்னா கசக்கத்தான் செய்யும்' என்று கண்ணை மூடிக் குடிப்பதுதான் ஆபத்து.

முளைகட்டிய பயறிலும் கவனம் தேவை. முளை வருவதற்கு வேண்டிய ஈரமும் வெதுவெதுப்பும் கிருமிகளுக்கும் பிடித்தமானவை. 2011-ல் ஜெர்மனியில் வெந்தய முளைப்பயிர் மூலம் பரவிய ஈ.கோலை கிருமியால் ஏறத்தாழ 4,000 பேர் நோயில் விழுந்தார்கள், 50-க்கும் மேற்பட்டவர்கள் இறந்தார்கள். நம்மூர் வெயிலில் எட்டு மணி நேரம் ஊறினாலே போதும். இடையில் ஓரிரு முறை அலசி, முளை எட்டிப் பார்த்ததும் ஃபிரிட்ஜில் வைத்து, அன்றோ மறுநாளோ காலி செய்துவிட வேண்டும். வழவழப்போ வாடையோ வந்தால் குப்பைக்கு. கர்ப்பிணிகள், குழந்தைகள், வயதானவர்களுக்கு ஆவியில் வேகவைத்தே கொடுக்க வேண்டும்.

கீரையும் முட்டைகோஸும் ஓடும் நல்ல தண்ணீரில் இலை இலையாகக் கழுவ வேண்டியவை. சரியாகக் கழுவாத பச்சைக் காய்கறி வழியாக நாடாப்புழுவின் முட்டைகள் உடம்புக்குள் போய், மூளையில் கட்டியாகி வலிப்பு வரைக்கும் கொண்டுபோவது நம் நாட்டில் மருத்துவர்கள் அடிக்கடி பார்க்கும் பிரச்னை. சைவம் மட்டும் சாப்பிடுபவர்களுக்கும் அது வரும்.

பெண்கள் கவனிக்க வேண்டியது

ஜெர்மனியில் நீண்டகாலமாகப் பச்சை உணவு சாப்பிட்டுவந்த 216 ஆண்களையும் 297 பெண்களையும் ஆராய்ந்து 1999-ல் ஒரு கட்டுரை வெளியானது. எடை குறைந்திருந்தது, ஆண்களுக்குச் சராசரியாகப் பத்து கிலோ, பெண்களுக்கு 12 கிலோ. ரீல்ஸில் சொல்வது இந்தப் பாதியைத்தான். அதே ஆய்வில், 45 வயதுக்கு உட்பட்ட பெண்களில் சுமார் 30 சதவிகிதம் பேருக்கு மாதவிடாய் ஒழுங்கில்லாமல் போயிருந்தது, அல்லது முழுதாக நின்றிருந்தது. பச்சை உணவின் பங்கு கூடக் கூட அந்தப் பாதிப்பும் கூடியது.

மாதவிடாய் நிற்பது என்பது, 'எனக்குச் சாப்பாடு போதவில்லை' என்று உடம்பு கொடுக்கும் தந்தி. திருமணமாகிக் குழந்தைக்குத் திட்டமிடும் பெண்கள், ஏற்கெனவே ரத்தசோகை உள்ளவர்கள், எடை குறைவான கல்லூரி மாணவிகள் ஆகியோர் முழு ரா வீகன் பக்கம் போகாமல் இருப்பதே நல்லது. கர்ப்பிணிகள், பாலூட்டும் தாய்மார்கள், வளரும் குழந்தைகள் விஷயத்தில் யோசிக்கவே வேண்டாம். குழந்தையின் சின்ன வயிற்றுக்குள் அத்தனை பச்சைக் காய்கறியை அடைத்து, தேவையான சத்தைக் கொடுக்கவே முடியாது.

அதே ஜெர்மன் குழுவின் 2005 ஆய்வில், பச்சை உணவுக்காரர்களில் 38 சதவிகிதம் பேருக்கு வைட்டமின் பி12 பற்றாக்குறை இருந்தது. கெட்ட கொழுப்பு குறைவாக இருந்தது நல்ல செய்திதான். ஆனால், நல்ல கொழுப்பும் குறைந்திருந்தது. பி12 எந்தக் காயிலும் கனியிலும் போதுமான அளவு இல்லை. காந்தி தேடிய 'செடியிலிருந்து பாலுக்கு மாற்று' கிடைக்காமல் போனதற்கு இதுவும் ஒரு காரணமாக இருந்திருக்கலாம். அந்த வைட்டமின் 1948-ல்தான் பிரித்தெடுக்கப்பட்டது, அவர் மறைந்த வருடத்தில். இன்று அது மாத்திரையாகவே மருந்துக் கடையில் கிடைக்கிறது. பாலை விடுபவர்கள் அதை விடக் கூடாது. கை கால் மரத்துப்போவது, மறதி, காரணமில்லாத களைப்பு என்றால் தாமதிக்காமல் ரத்தப் பரிசோதனைக்குப் போக வேண்டும்.

மாத்திரை சாப்பிடுபவர்களா?

சர்க்கரைக்கு இன்சுலினோ மாத்திரையோ எடுத்துக்கொண்டு, திடீரெனச் சோற்றை நிறுத்தினால் ரத்தச் சர்க்கரை அபாயகரமாக இறங்கலாம். மருந்தின் அளவை மருத்துவர் மாற்றித் தந்த பிறகே தட்டை மாற்ற வேண்டும். மெட்ஃபார்மின் எடுப்பவர்களுக்கு ஏற்கெனவே பி12 குறைய வாய்ப்பு உண்டு. சிறுநீரகக் கோளாறு இருந்தால் இளநீர், வாழைப்பழத்தில் உள்ள பொட்டாசியமே பிரச்னை. நட்சத்திரப் பழம் அவர்களுக்கு விஷம் மாதிரி. ரத்தம் உறையாமல் இருக்க வார்ஃபரின் எடுப்பவர்கள், கீரை ஸ்மூத்தியைத் திடீரென ஆரம்பிக்கக் கூடாது. கீரையில் உள்ள வைட்டமின் கே அந்த மருந்தின் வேலையைக் கெடுக்கும்.

இதெல்லாம் இல்லாத, நல்ல ஆரோக்கியத்தோடு இருக்கும் ஒருவர் ஆசைப்பட்டால்? ஆரம்பிக்கும் முன்பே எடை, ஹீமோகுளோபின், பி12, வைட்டமின் டி ஆகியவற்றைப் பார்த்துக் குறித்துக்கொள்ளலாம். முதல் மாதம் காலை உணவு மட்டும். உடம்பு ஒத்துழைத்தால் இரவு உணவும் சேர்க்கலாம். மதியம் சோறு, பருப்பு, பொரியல் இருக்கட்டும். பெரும்பாலானவர்களுக்கு இந்த இடத்திலேயே எடையும் குறையும், மலச்சிக்கலும் போகும். அதற்கு மேலே போக விரும்புபவர்கள் மூன்றாவது மாத முடிவில் அதே ரத்தப் பரிசோதனைகளை மறுபடி எடுத்து, இரண்டு ரிப்போர்ட்டையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்து மருத்துவரிடம் காட்ட வேண்டும். காந்தி நிறுத்தியதும் அந்த மூன்றாவது மாதத்தில்தான். அவரிடம் அப்போது லேப் ரிப்போர்ட் இல்லை.